கரையாத மருந்தைக் கரைய வைக்கும் ப்ராஜெக்ட்: இறுதி ஆண்டு பார்மசி மாணவர்களுக்கு

இறுதி ஆண்டு ப்ராஜெக்ட்டில் சாலிட் டிஸ்பெர்ஷன், அதாவது திடச் சிதறல், உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? இதைப் படித்துவிட்டு லேபுக்குப் போங்கள். தலைப்பு பார்க்க எளிதுதான். தண்ணீரில் கரைய மறுக்கும் மருந்தை, சட்டென்று கரையும் ஒரு பாலிமரோடு சேர்த்து ஒரே திடப்பொருளாக்க வேண்டும். பிறகு கரையும் வேகம் கூடியிருக்கிறதா என்று அளக்க வேண்டும். ஆனால் முடிப்பதற்குள் படாத பாடு பட வேண்டியிருக்கும். அதில் பாதிக்கு மேல் ஆர்டர், கையெழுத்து, விடுமுறை, மழை இவற்றால் வரும் பாடு.

நான் இதைச் செய்தது மலேசியாவின் கடா மாநிலத்தில் உள்ள பீடோங்கில். சுற்றிலும் செம்பனைத் தோட்டமும் பால்மரமும்; மத்தியானத்துக்கு மேல் ஜெராய் மலையில் மேகம் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் இடியும் மழையும். நாம் பார்த்துச் செய்யும் ஆய்வுக் கட்டுரைகளில் பல, காற்று உலர்ந்த ஊர்களில் எழுதப்பட்டவை. 'அறை வெப்பநிலையில் ஒரு நாள் வைக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதே பொடியை நம் அறையில் ஒரு நாள் திறந்து வைத்தால் மறுநாள் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கீழே சொல்வதில் பாதி, இந்த ஈரக்காற்றைச் சமாளிக்கும் வழிகள்தான்.

1. மருந்துக்கு முன்னால் ஊடகத்தை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் முதலில் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். 'பிசிஎஸ் இரண்டாம் வகுப்பு' என்று தேடி, பட்டியலில் மலிவானதைப் பிடிப்பார்கள். பிசிஎஸ் என்பது கரைதிறனையும் குடல் சுவரைத் தாண்டும் திறனையும் வைத்து மருந்துகளைப் பிரிக்கும் முறை. இரண்டாம் வகுப்பு என்றால் குடல் சுவரை எளிதாகத் தாண்டும், ஆனால் கரைவதில் மந்தம். இந்தத் தலைப்புக்கு அந்த வகுப்பு சரிதான். ஆனால் அந்த மருந்து எந்த ஊடகத்தில், அதாவது சோதனையில் கரைத்துப் பார்க்கும் எந்தத் திரவத்தில், கரைய மறுக்கிறது என்று பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

ஐபுபுரூஃபனை எடுத்துக்கொள்வோம். மலிவு, எளிதில் கிடைக்கும், எல்லோருக்கும் தெரிந்த பெயர். யுஎஸ்பி என்ற அமெரிக்க மருந்துத் தர நூலில் அதன் மாத்திரைக்குச் சொல்லியிருக்கும் ஊடகம் பிஎச் 7.2 பாஸ்பேட் பஃபர். ஐபுபுரூஃபன் ஓர் அமிலம். பிஎச் 7.2-இல் அது அயனியாகி, வெறும் மருந்தாக இருந்தாலே நன்றாகக் கரையும். நீங்கள் பாடுபட்டுச் செய்த சிதறலும் வெறும் மருந்தும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். 'உங்கள் சிதறலால் என்ன பயன்?' என்று தேர்வாளர் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பிஎச் 1.2 போன்ற அமில ஊடகத்திலும் ஓட்ட வேண்டும். ஏன் அதை எடுத்தீர்கள் என்று ப்ரொபோசலிலேயே எழுதிவிட வேண்டும்.

ஐபுபுரூஃபனில் இன்னொரு வில்லங்கம் உண்டு. படிகமற்ற நிலையில் அதன் கண்ணாடி நிலை மாற்ற வெப்பநிலை, அதாவது கண்ணாடி போல இறுகியிருப்பது இளகத் தொடங்கும் சூடு, பூஜ்யத்துக்கு வெகு கீழே, சுமார் மைனஸ் 45 டிகிரி. பாலிமரின் அளவு குறைவாக இருந்தால் பொடியே வராது; டோடோல் மிட்டாய் மாதிரி இழுபடும். இண்டோமெதசினுக்கு அதே வெப்பநிலை 40 டிகிரியைச் சற்றுத் தாண்டும். அதனால் அது இந்த விஷயத்தில் பரவாயில்லை. ஆனால் அதுவும் அமிலம்தான், பிஎச் சிக்கல் அப்படியே இருக்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது கார்பமாஸெபைன் என்ற வலிப்பு மருந்து. உடலில் உள்ள பிஎச் வரம்புக்குள் அது அயனியாகாது. அதனால் வெறும் தண்ணீரையே ஊடகமாக வைக்கலாம், பஃபர் செலவும் மிச்சம். யூவி-யில், அதாவது புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவியில், 285 நானோமீட்டர் பக்கம் நல்ல உச்சி இருக்கிறது, பாலிமர் அங்கே குறுக்கே வராது. மாத்திரைக்கான யுஎஸ்பி முறையில் தண்ணீரோடு 1% சோடியம் லாரில் சல்ஃபேட் சேர்க்கச் சொல்லியிருக்கும். அதைச் சேர்த்தால் வெறும் மருந்தும் நன்றாகக் கரைந்து வித்தியாசம் சுருங்கிவிடும். உங்கள் நோக்கம் ஒப்பீடு என்றால் அதை விட்டுவிடலாம். ஒரே எச்சரிக்கை: இது கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. கையுறை, முகக்கவசம் இல்லாமல் பொடியைத் தொடாதீர்கள். தோழிகளில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவரை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம்.

2. அளவுக் கணக்கைப் போட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்

கரைவேகச் சோதனையில் ஊடகம் ஊற்றும் பாத்திரம்தான் கலம். ஒரு கலத்துக்கு எவ்வளவு மருந்து போடுவது? மருந்தின் கரைதிறனை முதலில் நீங்களே அளந்துவிடுங்கள். மூடிய குடுவையில் தேவைக்கு மேல் மருந்தைப் போட்டு, 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, யூவி-யில் பார்க்க வேண்டும். கார்பமாஸெபைனுக்கு மி.லி.க்கு 0.2 மி.கி. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 900 மி.லி.யில் 180 மி.கி. கரையும். சிங்க் நிலை, அதாவது ஊடகம் நிறைந்துபோய்க் கரைவதைத் தடுக்காத நிலை, என்பதற்கு ஊடகம் அதிகபட்சம் தாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். அதாவது 60 மி.கி.க்குள். ஆகவே கலத்துக்கு 50 மி.கி. என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி மொத்தக் கணக்கு. பிவிபி கே-30, பெக் 6000 என்று இரண்டு பாலிமர். ஒவ்வொன்றிலும் மருந்துக்குப் பாலிமர் 1:1, 1:3, 1:5 என மூன்று விகிதம். ஒவ்வொரு விகிதத்திலும் சிதறல் ஒன்று, சிதறலாக்காமல் பொடிகளை அப்படியே கலந்த வெறும் கலவை ஒன்று. இவை 12. தனி மருந்தைச் சேர்த்தால் 13. ஒவ்வொன்றுக்கும் 3 கலம் என்றால் 39 கலம். 39 கலத்துக்கு 35 லிட்டர் ஊடகம். ஒரு கலத்தில் 7 முறை மாதிரி எடுத்தால் 273 மாதிரிகள்.

மருந்து என்று பார்த்தால் 2 கிராம்கூட ஆகாது. ஆனால் உரலில் ஒட்டுவது, சல்லடையில் நிற்பது, உள்ளளவுச் சோதனை, டிஎஸ்சி (சூடாக்கி உருகுவதைப் பார்ப்பது), எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிகத்தைப் பார்ப்பது), மூன்று மாதம் வைத்துப் பார்க்கும் மாதிரி, கெட்டுப்போய் மறுபடி செய்வது என்று எல்லாம் சேர்த்து 25 கிராம் கேளுங்கள். பாதியில் தீர்ந்துபோய் வேறு பேட்ச் மருந்து வந்தால் துகள் அளவே மாறியிருக்கும். பழைய தரவோடு புதியதை ஒப்பிட முடியாமல் போகும்.

காசு எதில் போகும் என்று கேட்டால் பலர் மருந்து என்பார்கள். அனுபவத்தில் சிரிஞ்ச் வடிகட்டிதான் பையைக் காலி செய்யும். மேலே சொன்ன 273 மாதிரிக்கு 273 வடிகட்டி! கலத்துக்கு ஒன்று என்று வைத்து, அதே கலத்தின் அடுத்த மாதிரிக்கும் அதையே பயன்படுத்தலாமா என்று சூப்பர்வைசரிடம் முதலிலேயே கேட்டு, சம்மதத்தை நோட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த செலவு வெளி லேபில் செய்யும் எக்ஸ்ஆர்டி. மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வெளியார் கட்டணம் உள்ளாள் கட்டணத்தைவிடக் கூடுதல். 13 மாதிரியையும் அனுப்ப வேண்டியதில்லை. தனி மருந்து, பாலிமர், ஒரு கலவை, நன்றாக வந்த ஒன்றிரண்டு சிதறல், இது போதும்.

மிச்சம் பிடிப்பதாக நினைத்து கிளினிக்கில் கிடைக்கும் மாத்திரையைப் பொடித்து மூல மருந்தாக எடுக்கச் சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். அதில் ஸ்டார்ச்சும், தண்ணீர் பட்டதும் உடைய வைக்கும் பொருள்களும் இருக்கும். நீங்கள் அளப்பது அவற்றின் வேலையாகத்தான் இருக்கும்.

3. காகிதங்கள்

இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் நாளைத் தின்பது இதுதான். கீழே உள்ளவை எல்லாம் முதல் வாரத்திலேயே கையில் எடுக்க வேண்டியவை.

மருந்து வாங்கும் படிவமும் விலைப்புள்ளியும். பல இடங்களில் மூன்று சப்ளையரிடம் விலைப்புள்ளி கேட்பார்கள். நீங்கள் மின்னஞ்சல் அனுப்பியதும் பதில் வந்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். போன் போட்டுப் பேசுங்கள். நான் ஆர்டர் கொடுத்த ஒரு சப்ளையர் 'ஸ்டாக் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு, பிறகு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார். ஸ்டாக் உள்ளூரில் இருக்கிறதா என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

விஷச் சட்டம். மருந்துகளில் பல 1952ஆம் ஆண்டின் விஷச் சட்டத்துக்குள் வருபவை. மாணவர் பெயரில் ஆர்டர் போக முடியாது. யார் பெயரில் வாங்குவது, எந்த அலமாரியில் பூட்டி வைப்பது, எந்தப் பதிவேட்டில் கிராம் கணக்கு எழுதுவது என்பதையெல்லாம் சூப்பர்வைசரும் பொறுப்பான மருந்தாளரும் முடிவு செய்ய வேண்டும். மருந்து வரும் நாளுக்கு முன்பே இதைப் பேசி முடியுங்கள்.

பகுப்பாய்வுச் சான்றிதழ். மருந்தோடும் பாலிமரோடும் வரும் அந்த ஒற்றைத் தாளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தூய்மை, ஈரப்பதம், பேட்ச் எண் மூன்றும் தீசிஸில் எழுத வேண்டியவை. பெட்டி குப்பைக்குப் போனால் தாளும் அதோடு போய்விடும்.

பாதுகாப்புத் தாள், அபாய மதிப்பீட்டுப் படிவம். கரைப்பானாக எத்தனால் போட்டால் இந்தப் படிவம் சீக்கிரம் நகரும். டைக்குளோரோமீத்தேன் என்று எழுதினால் கேள்விகள் நீளும். அதற்குக் காரணமும் உண்டு. ஐசிஎச் என்ற சர்வதேச மருந்து நெறிமுறை அமைப்பின் வழிகாட்டுதலில் மீதக் கரைப்பான் வரம்பு எத்தனாலுக்கு 5000 பிபிஎம், மெத்தனாலுக்கு 3000, டைக்குளோரோமீத்தேனுக்கு 600, குளோரோஃபார்முக்கு 60. கார்பமாஸெபைனும் பிவிபி-யும் எத்தனாலில் கரையும்போது வேறு எதற்கும் போக வேண்டிய அவசியமில்லை.

கழிவுச் சீட்டு. மீந்த கரைப்பானைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. 2005ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவு விதிகளின்படி, ஹாலஜன் இல்லாத கரைப்பானுக்கு எஸ்டபிள்யூ 322, ஹாலஜன் உள்ளதற்கு எஸ்டபிள்யூ 323 என்ற குறியீடு. இரண்டையும் ஒரே கேனில் ஊற்றினால் லேப் அதிகாரியின் முகம் மாறும். அடுத்த முறை அவரிடம் உதவி கேட்க முடியாது.

விலங்குச் சோதனையோ ஆள் சோதனையோ இல்லையென்றால் பொதுவாக நெறிமுறைக் குழு அனுமதி தேவைப்படாது. ஆனாலும் ப்ரொபோசலில் 'எலிக்கும் கொடுத்துப் பார்ப்போம்' என்று ஆசையில் ஒரு வரி எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வரிக்குப் பல மாதம் போகும்.

4. காலண்டர்

கடாவில் அரசு வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் சப்ளையருக்குச் சனியும் ஞாயிறும். உங்கள் வளாகம் கடா விடுமுறையைப் பின்பற்றினால் இரண்டு பக்கமும் வேலை செய்யும் நாள் வாரத்தில் நான்குதான்: திங்கள் முதல் வியாழன் வரை. இதற்கு மேல் நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, தைப்பூசம். சீனப் புத்தாண்டுக்கு முன் வாரத்தில் ஆர்டர் போனால், பெட்டி வரப் பல வாரம் ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொரு கணக்கு, மூன்று மாத நிலைத்தன்மை. சிதறலைச் செய்த அன்றே ஒரு பங்கை எடுத்து 40 டிகிரி, 75% ஈரப்பத அறையில் வையுங்கள். மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு அதைத் தொடங்கினால் தீசிஸ் கொடுக்கும் நாள் தாண்டிப் போய்விடும். நம் நாட்டுக்கான நீண்டகால நிலைத்தன்மை நிபந்தனை 30 டிகிரி, 75% ஈரப்பதம். நேரமிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டிஎஸ்சி, எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் பிணைப்புகளைப் பார்ப்பது) கருவிகளுக்கான முன்பதிவுத் தாளில் இன்றே பெயர் எழுதுங்கள். மாதிரி தயாரான பிறகு எழுதலாம் என்றால் உங்கள் முறை கடைசி மாதத்தில்தான் வரும்.

5. சிதறலைச் செய்தல்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

பிவிபி-யோடு செய்வது கரைப்பான் முறை. மருந்தையும் பிவிபி-யையும் தனித்தனியே எடை பார்த்து, எத்தனாலில் முழுக்கக் கரையும் வரை கலக்குங்கள். கலங்கலாக இருந்தால் இன்னும் எத்தனால் சேர்க்கலாம், கொஞ்சம் வெதுவெதுப்பாக்கலாம். கொஞ்சம் கலங்கலோடு ஆவியாக்கினால்கூடக் கரையாத அந்தத் துகள்களே விதைப் படிகங்களாகி மற்றதையும் படிகமாக்கிவிடும். ரோட்டரி ஆவியாக்கியில் 40 முதல் 45 டிகிரி போதும். குடுவையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பிவிபி கடைசியில் நுரைத்துப் பொங்கிக் குழாய்க்குள் ஏறிவிடும். அது ஏறினால் அன்றைய வேலை முடிந்தது, கழுவவே மாலையாகிவிடும்.

குடுவையின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தைச் சுரண்டி, வெற்றிட அடுப்பில் 40 டிகிரியில் ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். அடுப்பை அணைத்ததும் கதவைத் திறக்காமல் ஆறவிடுங்கள். சூடாக எடுத்தால் மேலே ஈரம் ஏறும். ஆறியதும் நேராக டெசிகேட்டருக்குள். சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா, இளஞ்சிவப்பாக மாறிவிட்டதா என்று தினமும் பாருங்கள். இளஞ்சிவப்பானால் அடுப்பில் உலர்த்தி மறுபடி போட வேண்டும். பொது டெசிகேட்டரில் அந்த வேலையை எவரும் செய்ய மாட்டார்கள், நீங்கள்தான் செய்ய வேண்டும். ஆரஞ்சு நிற வகை என்றால் நிறம் மாறும் விதம் வேறு, டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெக் 6000-ஐ உருக்கும் முறையில் செய்யலாம்; அது 60 டிகிரி பக்கம் உருகும். நேரடியாகச் சூட்டுத்தட்டில் வைக்காமல் தண்ணீர்த் தொட்டியிலோ எண்ணெய்த் தொட்டியிலோ வைத்து உருக்கி, மருந்தைச் சேர்த்துக் கலக்குங்கள். ஐபுபுரூஃபன் 75 டிகிரி சுற்றி உருகிவிடும், அதனால் எளிது. கார்பமாஸெபைன் உருக 190 டிகிரி வேண்டும். ஆகவே உருகிய பெக்கில் அது முழுக்கக் கரைந்ததா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். தெளியவில்லையென்றால் இதற்கும் எத்தனால் முறைக்கே மாறுங்கள். ஒரே மருந்தை இரண்டு பாலிமரில் ஒப்பிடும்போது முறையும் ஒன்றாக இருந்தால் தேர்வாளரிடம் பதில் சொல்வது சுலபம்.

உருகியதைப் பனிக்கட்டி மேல் வைத்த எஃகுத் தட்டில் ஊற்றிச் சட்டென்று உறைய வையுங்கள் என்று எல்லாக் கட்டுரையும் சொல்லும். அது சரிதான். ஆனால் நம் ஊர்க் காற்றில் குளிர்ந்த தட்டு வைத்ததும் ஓரத்திலிருந்து முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கத் தொடங்கும். உறைந்த பெக் படலம் அந்த நீரின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். இதைத் தவிர்க்கத் தட்டை முன்பே ஜிப் பையில் போட்டு மூடி, பனிக்கட்டி மேல் குளிர வைத்து, ஊற்றும் அந்த நேரம் மட்டும் திறங்கள். ஊற்றியதும் மூடி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பையைப் பிரியுங்கள். குளிர்சாதனம் ஓடும் அறையில், காலை நேரத்தில், மழைக்கு முன் செய்தால் இன்னும் நல்லது.

பொடித்தபின் எல்லாவற்றையும் ஒரே சல்லடையில் சலிக்க வேண்டும். 60 மெஷ், அதாவது 250 மைக்ரான், வழக்கம். தனி மருந்தையும் வெறும் கலவையையும்கூட அதே சல்லடையில் சலிக்க மறக்கக் கூடாது. துகள் சிறுத்தாலே பரப்பு கூடிக் கரைவேகமும் கூடும். சிதறலை மட்டும் நைசாக அரைத்துவிட்டு 'பாலிமரால் வேகம் கூடியது' என்று சொன்னால் அது நிற்காது.

வெறும் கலவை, உரலில் அரைக்காமல் பையில் குலுக்கிக் கலந்தது, கட்டாயம் வேண்டும். நேரமில்லை என்று முதலில் விடப்படுவது அதுதான். அது இல்லாத தீசிஸில் வேகம் கூடியதற்குக் காரணம் படிக நிலை மாறியதா, பக்கத்தில் ஒரு பாலிமர் இருந்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

6. உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது

1:3 சிதறலில் 200 மி.கி. எடுத்தால் 50 மி.கி. மருந்து இருக்கும் என்பது காகிதக் கணக்கு. ஈரம் ஏறியிருந்தால், குடுவையில் மருந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், அது பொய். பொடியின் மூன்று இடத்திலிருந்து எடுத்து, எத்தனாலில் கரைத்து, யூவி-யில் அளந்து, வந்த உண்மையான சதவீதத்தை வைத்துக் கலத்துக்குப் போடும் எடையைத் திருத்துங்கள். மூன்றும் தங்களுக்குள் அதிகம் மாறுபட்டால் அந்தப் பேட்சை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்வதே மேல்.

ஐபுபுரூஃபன் எடுத்தவர்களுக்கு: அதை வழக்கமாக அளக்கும் 221 நானோமீட்டரில் பிவிபி-யும் ஒளியை உறிஞ்சும். பாலிமர் மட்டும் கரைந்த கரைசலை ப்ளாங்காக (கழித்துப் பார்க்கும் மருந்தில்லாக் கரைசலாக) வைக்காவிட்டால் 110%, 120% என்று வரும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது.

7. கரைவேகச் சோதனை

துடுப்பு முறை, அதாவது யுஎஸ்பி இரண்டாம் கருவி, 900 மி.லி.; 37 டிகிரி, கூடக் குறைய அரை டிகிரி; 50 ஆர்பிஎம். 5, 10, 15, 20, 30, 45, 60 நிமிடங்களில் 5 மி.லி. எடுத்து, அதே சூட்டில் இருக்கும் புது ஊடகம் 5 மி.லி. ஊற்ற வேண்டும். 37 டிகிரி என்பதைக் கருவியின் திரையில் பார்க்காமல் கலத்துக்குள் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள். திரையில் தெரிவது வெளித்தொட்டியின் சூடு.

ஊடகத்தைக் காற்று நீக்க வேண்டும். குழாயிலிருந்து அப்படியே எடுத்துச் சூடாக்கினால் சின்னக் குமிழிகள் பொடியில் ஒட்டி அதை மேலே தூக்கிவிடும்.

பொடியை எப்படிப் போடுவது என்பதில் நிறையக் குழப்பம். தனி மருந்து தண்ணீரை வெறுக்கும். மேலே தூவினால் படலமாக மிதக்கும். சிதறல் உடனே நனைந்து இறங்கும். இந்த வித்தியாசமும் உண்மையான பயன்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே விதமாகப் போட வேண்டும். கேப்ஸ்யூலில் அடைத்துப் போடலாம் என்று தோன்றும். பிவிபி அதிகமுள்ள பொடி கேப்ஸ்யூலுக்குள் ஈரம் பட்டதும் பிசினாகி, வெளிப்பக்கம் மட்டும் கரைந்து, உள்ளே உருண்டையாக நிற்கும். அதனால் 1:5 விகிதம் 1:1-ஐவிட மெதுவாகக் கரைவதாகக்கூட வரும். தளர்வான பொடியாகவே, மடித்த பட்டர் பேப்பரிலிருந்து, துடுப்பு சுற்றத் தொடங்கிய பின் போடுவதே என் தேர்வு. ஆறு கலத்துக்கும் ஒரே நேரத்தில் போட முடியாது. ஒரு நிமிட இடைவெளியில் போட்டு, மாதிரியையும் அதே இடைவெளியில் எடுங்கள். இரண்டு பேர் இருந்தால் நல்லது. தனியாக ஓட்டினால் ஐந்தாம் நிமிடமும் பத்தாம் நிமிடமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

எடுத்த மாதிரியை உடனே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, முதல் சில துளிகளைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டாமல் வரிசையாக ரேக்கில் அடுக்கிவிட்டுக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், உள்ளே இருக்கும் துகள் அங்கேயும் கரைந்துகொண்டே இருக்கும். சிங்க் நிலைக்கு மேல் மருந்து போட்டு ஓட்டினால், சிதறல் மாதிரிகளில் நேர்மாறான ஆபத்தும் உண்டு. கரைதிறனுக்கு மேல் கரைந்து நிற்கும் மருந்து, சோதனைக் குழாயில் ஆறியதும் ஊசி ஊசியாகப் படிகமாகி அடியில் நிற்கும். வடித்த கையோடு நீர்க்கச் செய்துவிடுங்கள்.

திருத்தக் கணக்கு: 5 மி.லி. எடுக்கும்போது அதிலிருக்கும் மருந்தும் வெளியே போகிறது. ஒரு மாதிரிக்கு 900-இல் 5, அதாவது 0.56%. ஏழாவது மாதிரி எடுக்கும்போது அதற்கு முன் எடுத்த ஆறும் சேர்ந்து 3%க்கு மேல் குறைத்துக் காட்டக்கூடும். அந்தந்த நேரத்துச் செறிவை 900-ஆல் பெருக்கி, அதற்கு முன் எடுத்த எல்லாச் செறிவுகளின் கூட்டுத்தொகையை 5-ஆல் பெருக்கி அதோடு சேருங்கள். எக்செல் தாளை ஒரு முறை சரியாகப் போட்டு, கைக்கணக்கோடு ஒரு கலத்தைச் சரிபார்த்துவிட்டால் போதும்.

ஓட்டத்தைக் காலையில் தொடங்குங்கள். தொட்டி சூடேறுவது, காற்று நீக்குவது, கழுவுவது எல்லாம் சேர்ந்து ஒரு ஓட்டத்துக்கு அரை நாள் போய்விடும். மத்தியானம் இடியோடு மின்சாரம் ஒரு நொடி தடைபட்டால் துடுப்பு நின்று தானாகத் தொடங்காது. 40 நிமிட வேலை வீண்.

8. டிஎஸ்சி, எஃப்டிஐஆர், எக்ஸ்ஆர்டி

டிஎஸ்சி-யில் மருந்தின் உருகு உச்சி காணாமல் போனால் 'படிகம் போய்விட்டது' என்று எழுதிவிடுகிறோம். பிவிபி சிதறலுக்கு அது ஓரளவு நம்பத்தக்கது. பெக்குக்கு நம்பவே கூடாது. 60 டிகிரியில் பெக் உருகி, கருவிக்குள்ளேயே மருந்தைக் கரைத்துக்கொள்ளும்; மருந்தின் உருகுநிலையை எட்டும்போது உருகுவதற்குப் படிகமே மிச்சம் இருக்காது. வெறும் கலவையை ஓட்டிப் பாருங்கள். அதிலும் உச்சி காணாமல் போயிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அதனால்தான் எக்ஸ்ஆர்டி வேண்டும். எக்ஸ்ஆர்டி சூடாக்காமல் பார்க்கிறது. ஆனால் அதற்கும் சில சதவீதப் படிகம் கண்ணில் படாது. 'படிகம் கண்டறியப்படவில்லை' என்று எழுதுங்கள். 'இல்லை' என்று எழுத வேண்டாம்.

கார்பமாஸெபைனில் 175 டிகிரி பக்கம் ஒரு உச்சியும் 190 பக்கம் இன்னொன்றும் வந்தால் பதற வேண்டாம். மருந்தின் மூன்றாம் படிக வடிவம் உருகி, முதலாம் படிக வடிவமாகிப் பிறகு உருகுகிறது. மருந்து அசுத்தம் என்று சப்ளையரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

எஃப்டிஐஆர்-க்கு கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) வில்லை செய்வதென்றால் கேபிஆரும் பிவிபி-யும் இரண்டுமே ஈரம் குடிப்பவை. அலை எண் 3400 பக்கம் அகலமாக ஒரு மேடு வந்து, மருந்தின் என்-எச் பட்டையை மூடிவிடும். அதைப் பார்த்து 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்று எழுதினால் வைவாவில் கேள்வி நிச்சயம். உலர்த்தி, உடனே ஓட்டுங்கள்.

9. எழுதும்போது

வரைபடத்தில் பிழைக்கோடு, கலங்களின் எண்ணிக்கை, ஊடகம் மூன்றும் படத்தின் அடியிலேயே இருக்கட்டும். எஃப்2, அதாவது இரண்டு வரைபடம் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் எண், கணக்கிட்டால் 50-க்குக் கீழ் வந்தால்தான் இரண்டு வரைபடமும் ஒத்தவையல்ல என்று பொருள். 85% தாண்டிய பின் ஒரு புள்ளிக்கு மேல் சேர்க்காதீர்கள், சேர்த்தால் எல்லாம் ஒத்தவை போலவே தெரியும். கரைவேகம் கூடியதை மட்டும் சொல்லுங்கள். 'உடலில் உறிஞ்சப்படுவது கூடும்' என்று முடிவுரையில் ஒரு வரி எழுத எல்லோருக்கும் கை வரும், உங்களிடம் அதற்குத் தரவு கிடையாது.

மூன்று மாத மாதிரியில் கரைவேகம் இறங்கியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். படிகம் திரும்பி வந்திருக்கும், எக்ஸ்ஆர்டி-யில் மறுபடி பாருங்கள். திறந்த பாட்டிலில் வைத்ததும் மூடிய பாட்டிலில் சிலிக்கா ஜெல்லோடு வைத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நம் ஊர் நிலைமையில் பொட்டலம் எவ்வளவு முக்கியம் என்பது அந்த இரண்டு வரைபடத்திலேயே தெரிந்துவிடும். பல தேர்வாளர்கள் அந்தப் பக்கத்தில்தான் நின்று படிப்பார்கள்.

வைவா முடியும் வரை மீதச் சிதறலையும் மூல மருந்தையும் பேட்ச் எண் எழுதி டெசிகேட்டரில் வைத்திருங்கள். மறுபடி ஓட்டிக் காட்டு என்று கேட்பது நடக்கும். அதன் பிறகு விஷப் பதிவேட்டில் மிச்ச கிராமை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.